அக்கா வரைந்த கொல்லை

அக்கா என்னிடம் முதன்முதலாகக் கேட்டது ஒரு சல்லடை. பித்தளை வளையம் போட்ட, இரண்டு உள்ளங்கை அகலமுள்ள, லேப் சல்லடை. அதன் கம்பி வலை அவ்வளவு நெருக்கம். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் ஓட்டை இருப்பதே தெரியும். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றின் லேப்பில் சுண்ணாம்புக்கல் பொடியைச் சலித்து எடை போடுகிற ஒப்பந்த வேலை எனக்கு. ஓரம் விட்டுப்போச்சு என்று கழித்துப் போட்ட சல்லடை ஒன்றை இன்சார்ஜிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். அம்மா அதில் கேழ்வரகு மாவைக் கொட்டித் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒரு பொட்டு மாவு இறங்கவில்லை. "உங்க ஆபீஸ்ல காத்தைத்தான் சலிப்பீங்க போலருக்கு" என்று சொல்லிவிட்டு மோர்ச் சட்டிக்கு மூடியாக வைத்துக்கொண்டாள். ஊரடங்கு போட்டு, ஆலை மூடி, நான் வீட்டில் கிடந்த நாட்களில் ஒரு காலை, மூக்கையும் வாயையும் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு அக்கா எங்கள் தெருமுனையில் வந்து நின்றார். உன்னிடம் நைஸ் சல்லடை இருக்காமே, மண் சலிக்கணும் என்றார். மோர்ச் சட்டியிலிருந்து எடுத்துக் கழுவி, வேட்டியில் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா என்று நான் சொல்வது உறவுமுறையில் இல்லை. எங்கள் ஊர் குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது. ஊரில் நாலு ஏக்கர் கொல்லை வைத்திருந்த ஒரு பெரியவரின் ஒரே மகள் அவர். அந்தக் கொல்லையில் என் அம்மா நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே களை வெட்டினாள், பருத்தி எடுத்தாள், மக்காச்சோளம் ஒடித்தாள். அக்கா ஓவியம் படித்துவிட்டுச் சென்னையிலேயே தங்கிவிட்டார். அடுக்குமாடிக் குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுப்பது பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் தன்னுடைய படங்கள். நாலைந்து பேரோடு சேர்ந்து பல கண்காட்சிகள் வைத்திருக்கிறார். தனியாக வைக்க இருந்த முதல் கண்காட்சிக்குப் படங்களை மாட்டி முடித்த அன்று மாலைதான் எல்லாவற்றையும் மூடச் சொன்னார்கள். சுவரில் படங்கள் தொங்கியபடியே இருக்க, கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்கள். தன் படங்களைப் பல்லிகள் நன்றாகப் பார்த்திருக்கும் என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்தவரை ஊர் வா என்று சொல்லவில்லை. மெட்ராசிலிருந்து வந்தவர் இருக்கிற வீடு என்று கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். பால்காரர் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று பாலை ஊற்றினார். பாதி செம்பிலும் பாதி படியிலும் விழுந்தது. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லையே என்று அதுவரை பேசியவர்கள், அவர் எத்தனை தடவை தும்மினார் என்று பேச ஆரம்பித்தார்கள்.

வெளியே வரக்கூடாத அந்த இரண்டு வாரமும் அக்கா மாடியில் நின்று கொல்லையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மாடியிலிருந்து மேற்கே பார்த்தால், ஓடைக்கு அந்தப் பக்கம் முழுக்கத் தெரியும். மூன்று பக்கத்து நிலங்களும் அதற்குள் ஆலைக்குப் போய்விட்டன. குவாரியின் விளிம்பு கொல்லையின் தெற்கு வரப்புக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் வந்து நின்றிருந்தது. வழக்கமாக உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் பிந்தி, பாறைக்கு வெடி வைப்பதற்கு முன்னால் குவாரியில் சங்கு ஊதுவார்கள். சங்குச் சத்தம் கேட்டதும் வேலையாட்கள் மண்வெட்டியையும் களைக்கொட்டையும் போட்டுவிட்டு மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். கல் தெறித்தாலும் தெறிக்கும். அதையே சாப்பாட்டு மணியாகவும் பழகிவிட்டார்கள். ஊரடங்கில் சங்கு நின்றுபோனது. காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைப் பிடுங்கப் போன அம்மாவும் மற்ற பெண்களும் பசி வந்தும் சாப்பிடத் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தார்களாம். புழுதி அடங்கி, வேப்பிலைகள் அவற்றின் சொந்த நிறத்துக்கு வந்திருந்தன. இந்தக் கொல்லை இவ்வளவு அமைதியாக இருந்து தன் வயதுக்குப் பார்த்ததே இல்லை என்று அக்கா சொன்னார். வரையத் தொடங்கியது அதனால்தான்.

வரைய வர்ணம் இல்லை. சென்னையிலிருந்து கொண்டுவந்த குழாய்கள் பத்து நாளில் தீர்ந்துபோயின. பெரம்பலூரில் கடை திறந்தாலும் பள்ளிப் பிள்ளைகளின் கலர் டப்பாதான் கிடைக்கும். அதற்கும் கடை திறக்கவில்லை. ஊரடங்குக்கு முன்னால் ஆலைக்காரர்கள் பெரியவரின் சம்மதத்தோடு கொல்லையில் ஏழெட்டு இடத்தில் குழாய் இறக்கித் துளை போட்டுப் பார்த்திருந்தார்கள், கீழே சுண்ணாம்புக்கல் எந்த ஆழத்தில் இருக்கிறதென்று. ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் உள்ளேயிருந்து வந்த மண் சின்னச் சின்னக் குவியலாகக் கிடந்தது. மேலே இருந்த கரிசல் ஒரு குவியல், அதற்குக் கீழே மஞ்சள், பழுப்பு, செங்காவி, கடைசியில் பால்போல வெள்ளை. அக்கா அந்தக் குவியல்களைத்தான் அள்ளிக்கொண்டு வந்தார். நான் அம்மியில் நுணுக்கிச் சலித்துக் கொடுப்பேன். அவர் கருவேலம் பிசினை ஊறவைத்துக் கரைத்து அதில் குழைப்பார். மஞ்சளில் மட்டும் ஏழு விதம் இருந்தது. சலித்து முடித்ததும் டீ வரும், பேப்பர் கப்பில். அந்த நாட்களில் எல்லார் வீட்டிலும் எல்லாருக்கும் பேப்பர் கப்தான். எதற்காகப் பேப்பர் கப் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

துணியும் இல்லை என்றபோது பெரியவரின் வேட்டிகளில் கைவைத்தார். கஞ்சி போட்டு, வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணைப் பூசிக் காயவைத்தால் வேட்டி முறமாட்டம் விறைத்து நின்றது. சின்னதும் பெரியதுமாகப் பத்துப் படங்கள் ஆன பிறகு, நாலு வேட்டிகளை ஒன்றாக ஒட்டித் தைத்து மாடி முழுக்க விரித்தார். நாலு ஏக்கருக்கு நாலு வேட்டி. பெரியவர் படியேறி வந்து பார்த்துவிட்டு, "எனக்குக் கட்டிக்கவும் ஒண்ணு மிச்சம் வையி ஆயி, ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போவணும்ல" என்றார். சிரிப்பாகச் சொன்னாலும் அதில்தான் எல்லாம் இருந்தது. கொல்லையை ஆலைக்குக் கொடுப்பதாக அவர் வாய்வார்த்தை கொடுத்திருந்தார்; கையெழுத்து இன்னும் போடவில்லை. மகளின் கையெழுத்தும் வேண்டும். வரைந்து முடித்துவிட்டுப் போடுகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார். பெரியவர் தட்டிப் பேசவில்லை. தினமும் பொழுது சாய மாடிக்கு வருவார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தைச் சுற்றி நடப்பார். "இன்னும் இருக்கா?" என்பார். "வடக்கு வரப்பு பாக்கிப்பா" என்பார் அக்கா. வடக்கு வரப்பு பல மாதம் பாக்கியாகவே இருந்தது.

ஒருநாள் நான் சலித்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே பேசினார். மூன்று பக்கமும் போன பிறகு வண்டி போக வழியில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா அது இதைப் படம் போட்டு மெட்ராசுல காட்டப் போவுதாம். நாலு பேரு பாத்துட்டு, நல்லாருக்குய்யா இந்தக் கொல்லைன்னு சொன்னா, வச்சுக்கிட்டுத்தான் பாப்பமே" என்றார். மகளிடம் இதைச் சொன்னாரா என்று தெரியாது. நான் அக்காவிடம் சொன்னேன். அன்று அவர் தூரிகையைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

ஆடியில் மழை பெய்து விதைத்தார்கள். அதற்குள் ஆலையையும் திறந்துவிட்டார்கள். ஒப்பந்த ஆட்களான எங்களை எல்லாருக்கும் கடைசியாகத்தான் கூப்பிட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு அக்காவின் மாடிக்குப் போவேன். பச்சை நிறம் மட்டும் மண்ணில் கிடைக்கவில்லை. எந்த இலையைப் பிழிந்தாலும் மூன்றாம் நாள் பழுப்பாகிவிடுகிறது. பயிர் எழுந்த பிறகும் அக்கா மண்ணைத்தான் வரைந்தார். செடி நிற்கிற இடத்தைச் செடியின் நிழலாக விட்டார். களை வெட்டிவிட்டு வந்த அம்மாவை ஒரு சாயங்காலம் மாடிக்குக் கூப்பிட்டார். சின்ன வயதில் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்தான். இப்போது பெயர் வாய்வரைக்கும் வந்து நின்று, "வாங்க" என்று மட்டும் வந்தது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தின் விளிம்போடு நடந்தாள். இது தண்ணி தேங்குற எடம், இது போன வருசம் பாம்பு அடிச்ச எடம், இது கல்லாப்போன நத்தை கெடக்குற எடம், காலைக் குத்தும் என்று சொல்லிக்கொண்டே போனாள். எந்த இடத்திலும் தடுமாறவில்லை. கடைசியில் ஒரு மூலையைக் காட்டி, "எல்லாஞ் சரிதான் பாப்பா, இங்க கோரையைக் காணும். நாந்தான் வெட்டிப்புட்டேன்னு விட்டுட்டியாக்கும். வேர் உள்ள கெடக்கு, நாளைக்கே வந்துரும்" என்றாள். அக்கா அன்றைக்கே கோரையை வரைந்தார். நீளமாக, கறுப்பாக, வேரோடு.

சென்னையில் படக்கூடம் நடத்துகிற ஓர் அம்மையார், ஊரடங்குக் காலத்தில் வரைந்த படங்களை வைத்து இணையத்தில் கண்காட்சி நடத்தப்போவதாகவும் அக்காவின் படங்களைத் தனியாகவே வைக்கலாம் என்றும் செய்தி அனுப்பினார். மாடி வெளிச்சத்தில் என் செல்போனில் ஒவ்வொரு படத்தையும் எடுத்தோம். படிவம் ஒன்று வந்தது. தலைப்பும் நாலு வரி விளக்கமும் இங்கிலீஷில் வேண்டும். அக்கா ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார்: எங்க கொல்லை. இதை நீயே இங்கிலீஷில் போட்டு அனுப்பு, எனக்கு எழுத வராது, நீ டிகிரி படிச்சவன் என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என் வாழ்க்கையில் அதுவரை என்னிடம் யாரும் அப்படி ஒரு வேலையை நம்பிக் கொடுத்ததில்லை. தண்ணீர் டேங்க் படிக்கட்டில் ஏறினால்தான் எங்கள் தெருவில் சிக்னல் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் பரிசாக வாங்கிய தமிழ் - இங்கிலீஷ் அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன்.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கொல்லை என்ற சொல்லுக்கு அகராதியில் இரண்டு பொருள் இருந்தது. முதலாவது, வீட்டின் பின்புறம்; அதற்கு இங்கிலீஷில் பேக்யார்டு. இரண்டாவது, வானம் பார்த்த நிலம். இரண்டாவதற்கு முன்னால் 'வட்டார வழக்கு' என்று போட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் நிலம்தான், வேறு எதுவும் இல்லை. அம்மா கொல்லைக்குப் போயிருக்கிறாள் என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஆனால் வட்டார வழக்கு என்ற அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்ததும் என் விரல் நின்றுவிட்டது. வூடு என்று எழுதியதற்குச் சிவப்பு மையில் வட்டம் போட்ட நோட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. கட்டுரையில் நான் எழுதிய சொற்களில் எங்கள் வீட்டிலிருந்து வந்ததெல்லாம் வட்டத்துக்குள்ளேயே போகும். வாத்தியார் திட்டியதுகூட இல்லை. வட்டம் மட்டும் போடுவார். பன்னிரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம், அம்மா வாயில் இருக்கிற சொல் பரீட்சைக்கு ஆகாது என்பது. சென்னையில் படித்தவர்கள் பார்க்கிற இடம், முதல் பொருளே சரியாக இருக்கும் என்று 'பேக்யார்டு' என்று அடித்தேன். விளக்கத்திலும் அதற்கேற்ற மாதிரியே எழுதினேன். அனுப்பியதும் இறங்கி வந்து அக்காவிடம், போட்டாச்சுக்கா என்றேன். அவர் என்ன போட்டாய் என்று கேட்கவில்லை. படித்தவன் என்று நம்பிவிட்டார்.

கண்காட்சி திறந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சிக்னலுக்காக மொட்டைமாடித் தொட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்து நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பெரியவர் சலவைச் சட்டை போட்டு, விபூதி பூசி வந்திருந்தார். வேட்டி மட்டும் பழையது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். படக்கூடத்து அம்மையார் இங்கிலீஷில் பேசினார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வீட்டுக்குள் அடைபட்ட ஒரு பெண், தன் வீட்டுப் பின்புறத்தையே உலகமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டாள் என்கிறார். சின்ன இடம், பெரிய பார்வை என்கிறார். எல்லாக் கட்டங்களிலும் தலைகள் ஆடின. பெரியவர் என் முழங்கையை இடித்து, "என்ன சொல்றாங்க?" என்றார். நல்லா இருக்குன்னு சொல்றாங்கய்யா என்றேன். பொய்யில்லை. அக்கா இங்கிலீஷை அரைகுறையாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. முகம் மலர்ச்சியாகவே இருந்தது. அப்புறம் கேள்வி கேட்கலாம் என்றார்கள். வெள்ளைத் தாடி வைத்த ஒரு சார், ரொம்ப மரியாதையாக, நல்ல தமிழில் கேட்டார்: "அம்மா, உங்க படங்கள்ல வீட்டோட கொல்லைப்புறம் அவ்வளவு விஸ்தாரமா தெரியுது. ஒரு முருங்கைமரம், ஒரு துவைக்கிற கல்லுகூட இல்லாம ஏன் வெறுமையா விட்டீங்க?"

துவைக்கிற கல்லா என்று அக்கா வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. போனுக்குத் திரும்பி, "சார், இது வூட்டுக்குப் பின்னாடி இல்லீங்க. ஓடைக்கு அந்தாண்ட. நாலு ஏக்கர்" என்றார். அதற்குள் சிக்னல் விட்டு விட்டு வந்தது. அங்கே யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அம்மையார் சிரித்த முகத்தோடு, மியூட்டில் இருக்கிறீர்களா என்று பாருங்கள் என்றார். நான் பாய்ந்து போனை எடுத்துக்கொண்டு மாடி மூலைக்கு மூலை ஓடினேன். சிக்னல் வந்தபோது அடுத்த ஓவியரின் படங்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன.

பெரியவர் எழுந்து துண்டை உதறினார். முருங்கைமரமும் துவைக்கிற கல்லும் அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தன. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவர் சிரித்தார். "மெட்ராசுக்காரங்களுக்கு நம்ம நாலு ஏக்கரும் கொல்லப்பொறமாத்தான் தெரியுது. சரி, உடு ஆயி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். போனில் பாராட்டுச் செய்திகள் விழுந்துகொண்டே இருந்தன. மன்னிச்சிருங்கக்கா, டிக்சனரில அப்படித்தான் மொதல்ல இருந்துச்சு என்றேன். சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இரண்டாவதாக இருந்ததையும் நான் படித்திருக்கிறேனே. அக்கா திட்டவில்லை. தலையைக் குனிந்து, விரலிடுக்கில் காய்ந்திருந்த மஞ்சள் மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "ஏந் தம்பி, உங்க அம்மா தெனம் எங்க போறாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

தலைப்பை மாற்றித் தரச் சொல்லி நான் மூன்று முறை எழுதினேன். பார்த்தவர்களுக்கெல்லாம் அந்தத் தலைப்புதான் பிடித்திருக்கிறது, இருக்கட்டுமே என்று அன்பாகப் பதில் வந்தது. ஒரு வாரம் கழித்து நான் மாடிக்குப் போனபோது பெரியவர் வழக்கம்போலக் கைகட்டி நின்றார். இன்னும் இருக்கா என்றார். இல்லப்பா, முடிஞ்சிருச்சு என்றார் அக்கா. வடக்கு வரப்பு ஒரே இழுப்பில் போடப்பட்டிருந்தது. மற்ற இடங்களில் இருந்த பொறுமை அந்த ஒரு கோட்டில் மட்டும் இல்லை. தை பிறந்ததும் இரண்டு பேரும் மாஸ்க் போட்டுக்கொண்டு ரெஜிஸ்டர் ஆபீஸ் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். நான் சரியாக எழுதியிருந்தால் மட்டும் கொல்லை நின்றிருக்குமா? மூன்று பக்கமும் போன நிலம் எத்தனை நாளைக்குத் தாங்கும். எப்படியும் போயிருக்கும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், அக்காவும் ஒருமுறை போனில் அதையே சொன்னார். நானும் அப்படி நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் பெரியவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது ஒரு வார்த்தையைக் கேட்கத்தான். அந்த வார்த்தை வருகிற வழியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அடுத்த கோடையில் நோய் இன்னும் மோசமாகத் திரும்பி வந்தது. ஊரில் ஏழெட்டுச் சாவு. பெரியவர் தப்பிவிட்டார். கொல்லை அந்த வருடக் கடைசியில் வெட்டுப்பட ஆரம்பித்தது. மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியாகக் குவித்தார்கள். அதில் கோரை முளைத்ததை நானே பார்த்தேன். பிறகு மஞ்சள் போயிற்று, பிறகு வெள்ளை வந்தது. அந்த இடத்துச் சாம்பிள் லேப்புக்கு வந்த நாட்களில் நான்தான் சலித்தேன். நுணுக்கிச் சலித்த பிறகு எந்த நிலத்து மண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும். இப்போது குவாரி ஓரத்தில் நின்று பார்த்தால், அம்மா குனிந்து குனிந்து நடந்த உயரத்தில் காற்றுதான் இருக்கிறது. மைனாக்கள் அதில் குறுக்கே பறந்து போகின்றன. அக்கா சென்னைக்குத் திரும்பிவிட்டார். அந்தப் பூட்டிய கூடத்துப் படங்களையும் பிறகு திறந்து காட்டினார்கள். ஆனால் அந்த மாடியும், பொழுது சாயச் சாய நிறம் மாறுகிற ஏழு மஞ்சளும், சங்கு ஊதாத மத்தியானங்களும் என்னை விட்டுப் போகவில்லை. ஊரே பயந்து கிடந்த மாதங்கள் அவை. அவற்றுக்காக ஏங்குகிறேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு ஆடிக்கு முன்னால் அக்காவிடமிருந்து போன் வந்தது. அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருப்பதாகவும் ஆடி மாதம் என்பதால் காலியாகக் கிடைத்தது என்றும் சொன்னார். இந்தப் பதினொரு படங்களையும் கொல்லை என்ற வார்த்தை தெரிந்தவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். இரண்டு நாள் கண்காட்சி. நான் லீவு போட்டுவிட்டு ஆணி அடித்தேன், நாற்காலி போட்டேன். நாலு வேட்டிப் படத்தை மணமேடைக்குப் பின்னால் மாட்டினோம். அதன் கீழே அக்கா தன் கையால் எழுதிய அட்டை, தமிழில் மட்டும்: கொல்லை. பெரியவருக்கு மூட்டுவலி, வரவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள், ஸ்கூல் பிள்ளைகள் வரிசையாக வந்து போனார்கள், பெரம்பலூரிலிருந்து ஒரு டிராயிங் மாஸ்டர் இரண்டு நாளும் வந்தார். மற்றபடி கூட்டம் என்று சொல்ல முடியாது. மின்விசிறிகள்தான் அதிகம் சுற்றின.

இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. மண்டபம் என்றதும் அதைத்தான் எடுத்திருக்கிறாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராக மணமேடைக்குப் போய், பெரிய படத்துக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து கோரை இருந்த மூலையில் விரலை வைத்தாள். மண்டபத்து வாட்ச்மேன், "யம்மா, தொடாதீங்க, படம்" என்று ஓடிவந்தார். அக்கா அவரைத் தடுத்து, "அவுங்க தொடாத எடம் இதுல எது, உடுங்கண்ணே" என்றார். அம்மா விரலை எடுக்கவில்லை. துளை போட்ட இடம், பாம்பு அடித்த இடம், தண்ணி தேங்கிய இடம் என்று விரல் தானாகப் போய்க்கொண்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

அப்போது காக்கிச் சட்டை போட்ட ஒரு லாரி டிரைவர் உள்ளே வந்தார். வெயிலுக்கு ஒதுங்கியவராக இருக்கும். படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது எந்த எடம்மா? பாத்த மாதிரியே இருக்கு" என்று கேட்டார். அட்டையை அவர் படிக்கவில்லை. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம கொல்லை தம்பி" என்றாள்.

கொல்லை இருந்தவரைக்கும் என் அம்மா அப்படிச் சொன்னதில்லை. களைக்குப் போகும்போதும், பருத்தி எடுத்துவிட்டு வந்து கையில் குத்திய முள்ளை எடுக்கும்போதும், கனவில் உளறும்போதும்கூட, அவுங்க கொல்லை என்றுதான் சொல்வாள். அவுங்க கொல்லையில மழை, அவுங்க கொல்லையில பூச்சி. அந்தச் சொல்லில் ஒருநாளும் அவள் பிசகியதில்லை. நான் திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தேன். அவர் இரண்டடி தள்ளி, அட்டையைச் சரிசெய்ய எடுத்த கையோடு நின்றிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுகிற தூரம்.

அவர் திருத்தவில்லை.